ஒன்றேகால் மணி நேரமும் நாற்பத்தோரு ஆண்டும்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையமும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. வரைபடத்தில் மீனம்பாக்கத்தில் அடிக்கோலை வைத்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால், மாமல்லபுரம் தாண்டியதும் அது கடலில் இறங்கும். பிறகு பலாலிக்குப் பத்துப் பதினோரு கிலோமீட்டர் கிழக்கே, வல்வெட்டித்துறைப் பக்கம் கரையேறும். இரண்டு ஓடுபாதைகளுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 355 கிலோமீட்டர்.

இது எவ்வளவு குறைவான தூரம் என்பது பக்கத்து ஊர்களோடு வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். சென்னையிலிருந்து மதுரை விமான நிலையம் வான்வழியில் 415 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கோயம்புத்தூர் 400 கிலோமீட்டரைத் தாண்டும். சென்னைக்காரருக்கு மதுரையையும் கோவையையும் விட யாழ்ப்பாணம் கிட்ட. யாழ்ப்பாணத்தாருக்கோ, பலாலியிலிருந்து கொழும்பின் இரத்மலானை விமான நிலையம் 330 கிலோமீட்டர், சென்னை 355. ஏறக்குறைய நடுவில் நிற்கிற ஊர் அது. ஆனாலும் கடந்த நூறு ஆண்டுகளில் பெரும்பகுதி, இந்த 355 கிலோமீட்டரைக் கடக்க ஒரு நாள் தொடங்கி ஒரு மாதம் வரை ஆனவர்கள் உண்டு. கடக்கவே முடியாமல் போனவர்களும் உண்டு.

பயணச் சீட்டில் அச்சாகிற பறக்கும் நேரம் வானத்தில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குமுன் வட்டமிடுவது, மறுபடி ஊர்ந்து போய் நிற்பது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. 355 கிலோமீட்டரை, மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஏடிஆர் 72 ரக விசிறி விமானம் முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஆனால் சீட்டில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கும். குறுந்தூரப் பயணத்தின் இயல்பே இதுதான். விமானம் தன் முழு வேகத்தில் போகிற நேரம் கொஞ்சம், அதற்கு முன்னும் பின்னும் ஆகிற நேரம் நிறைய.

விமானம் வருவதற்கு முன்னால் இந்த வழியில் போனவை தோணிகள். கோடியக்கரையிலிருந்து வல்வெட்டித்துறை கடல்வழியில் 60 கிலோமீட்டர் போல. காற்று வாய்த்தால் ஒரே இரவில் பாய் விரித்துப் போய்ச் சேரலாம். காற்று மாறினால் நாள் கணக்கு. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களிலிருந்து நாகப்பட்டினம், வேதாரண்யம், தொண்டி என்று தோணிகள் போய் வந்துகொண்டிருந்தன. ஆறுமுக நாவலர் சென்னை தங்கசாலைத் தெருவில் அச்சகம் வைத்து நூல்களைப் பதிப்பித்ததும், சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் நடத்தியதும் இந்தக் கடலைத் தாண்டித்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றைப் படிக்கிறவர்கள், அந்த வேலைக்கு வேண்டிய ஏடுகளும் கடிதங்களும் எத்தனை நாளில் கரை மாறின என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதே காலத்தில் இன்னொரு கூட்டமும் கடல் தாண்டியது. 1820களில் தொடங்கிய காப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் எனப் பல சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிப் போனார்கள். ஊரிலிருந்து கடற்கரை வரை நடை. ராமேசுவரம் பக்கமிருந்து மன்னார்த் தீவுக்கு வள்ளம். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை மறுபடியும் நடை, இருநூறு கிலோமீட்டருக்கு மேல். காலராவும் பசியும் தாகமும் அந்தப் பாதையில் எடுத்த உயிர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. பாக் நீரிணை மிகக் குறுகலான இடத்தில் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அதைக் கடந்த பிறகுதான் அவர்களுக்கு உண்மையான தூரம் தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பயணம் ஒழுங்குபடுத்தப்பட்டது. தோட்டத்தின் குறி பொறித்த ஒரு தகரத் துண்டு தொழிலாளியிடம் கொடுக்கப்படும். அதைக் காட்டினால் வழியில் ரயிலும் சாப்பாடும் கப்பலும் கிடைக்கும். ஆன செலவு தோட்டத்தின் பேரில் எழுதப்படும், கடைசியில் தொழிலாளியின் தலையில் கடனாக வந்து இறங்கும். அந்தத் தகரத் துண்டில் அவர் பெயர் இருக்காது. மண்டபத்தில் நோய்த் தடுப்பு முகாம் அமைத்தார்கள். பிளேக்கும் காலராவும் தீவுக்குள் போகக்கூடாது என்று ஆட்களைச் சில நாள் அடைத்து வைத்து, பரிசோதித்து, பிறகு அனுப்பினார்கள். முதல் வகுப்புப் பயணிக்கு அந்த முகாம் ரயில் சன்னலில் கடந்துபோகிற ஓர் இடம். தோட்டத்துக்குப் போகிறவருக்குப் பயண நேரத்தில் பாதி அங்கேயே கழியும்.

1914க்கு முன் சென்னையிலிருந்து கொழும்பு போக வேண்டுமென்றால் தூத்துக்குடி வழி. எழும்பூரிலிருந்து தூத்துக்குடிக்கு 709 கிலோமீட்டர் ரயில், ஏறத்தாழ 22 மணி நேரம். பிறகு மன்னார் வளைகுடாவைக் குறுக்கே கடக்க நீராவிக் கப்பல். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் எல்லாம் மாறியது. ரயில் நேரே தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து தலைமன்னாருக்கு 35 கிலோமீட்டர் கப்பல். கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைசிராய்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் ஓடின. பின்னால் இர்வின், கோஷன் வந்தன. மறு கரையில் இலங்கை ரயில் காத்திருக்கும். ஒரே சீட்டில் எழும்பூரிலிருந்து கொழும்புக் கோட்டை வரை போகலாம். இதைத்தான் போட் மெயில் என்றார்கள். முதல் நாள் இரவு எழும்பூரில் ஏறினால், மூன்றாம் நாள் காலை கொழும்பில் இறங்கலாம்.

யாழ்ப்பாணத்தாருக்கு இந்த வழி கொஞ்சம் சுற்று. தலைமன்னாரில் ரயில் ஏறி, தென்கிழக்கே மதவாச்சிச் சந்தி வரை 106 கிலோமீட்டர் போய், அங்கே வண்டி மாறி, வடக்கே வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று திரும்பி ஏற வேண்டும். தலைமன்னார்க் கரையில் நின்று பார்த்தால் யாழ்ப்பாணக் குடாநாடு வடகிழக்கே நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ரயிலோ அதைப்போல இரண்டரை மடங்கு சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ரயில் பாதையைப் போட்டவர்களின் மனத்தில் இருந்தது கொழும்புத் துறைமுகமும் தேயிலையும்.

வானில் முதலில் போனவை கடிதங்கள். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். நெவில் வின்சென்ட் அதைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1935 நவம்பர் 27 அன்று, கொழும்பில் புதிதாக அமைத்த இரத்மலானைத் தளத்தில் முதன்முதலாக ஒரு விமானம் இறங்கியது. அது சென்னையிலிருந்து போன விமானம். ஓட்டியவர் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் டிண்டேல் பிஸ்கோ. இலங்கையின் குடிமை விமான வரலாற்றில் இந்த முதல் பக்கம் சென்னை ஆள் எழுதியது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1938 பிப்ரவரியில் டாட்டாவின் தபால் விமானம் கொழும்பு வரை நீண்டது.

பலாலி பிறந்தது போருக்காக. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை அங்கே ஓடுபாதை போட்டது. போர் முடிந்ததும் அது பயணிகளுக்குத் திறந்தது. 1947 டிசம்பர் 10, இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கும் குறைவான நேரம். ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணம் இரத்மலானையிலிருந்து கிளம்பியது. விமானம் ஒரு டகோட்டா, அதற்கு ‘சீதா தேவி’ என்று பெயர். ஓட்டியவர் கேப்டன் பீட்டர் பெர்னாண்டோ. போன இடம் சென்னை. வழியில் நின்ற இடம் காங்கேசன்துறை, அதாவது பலாலி. புதிதாகப் பிறக்கப்போகும் ஒரு நாட்டின் விமான நிறுவனம், தன் முதல் பயணத்துக்கு லண்டனையோ சிங்கப்பூரையோ தேர்ந்தெடுக்கவில்லை. யாழ்ப்பாணம் வழியாகச் சென்னை என்றுதான் தொடங்கியது. எங்கே ஆள் போக்குவரத்து அதிகம் என்று வணிகர்களுக்குத் தெரியும்.

டகோட்டாவின் பயண வேகம் மணிக்கு 270லிருந்து 300 கிலோமீட்டர் வரை. 355 கிலோமீட்டரை அது ஒன்றேகால் மணி நேரம் அல்லது கொஞ்சம் கூட எடுத்துக் கடந்திருக்கும். இன்றைக்கு ஏடிஆர் வானில் எடுத்துக்கொள்வது முக்கால் மணி நேரம் போல. முக்கால் நூற்றாண்டு விமானத் தொழில்நுட்பம் இந்த வழியில் மிச்சப்படுத்தியது அரை மணி நேரம் போல. வேகத்தைப் பொறுத்தவரை சென்னை–யாழ்ப்பாணப் பிரச்சினை 1947லேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த சிக்கல் எதுவும் பொறியாளர்கள் தீர்க்கக்கூடியதாக இல்லை.

முதலில் வந்தது தாள். 1948இல் இலங்கை நாடாளுமன்றம் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை போட் மெயிலில் ஏறிப் போனவர்களுக்கு அதன்பின் கடவுச்சீட்டும் விசாவும் தேவைப்பட்டன. அதே காலத்தில் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களைப் பற்றி இரண்டு அரசுகளும் பேசிப் பேசி, 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு.

ஒப்பந்தம் போட்டு எட்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653ஆம் எண் பயணிகள் ரயில், ஊரை நெருங்கும் நேரத்தில் அலை அடித்துக்கொண்டு போனது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ரயில் நிலையம், கப்பல் துறை, சுங்கச் சாவடி, தபால் நிலையம், கோயில், மாதா கோயில் என்று ஒரு முழு ஊர் மணலானது. பாம்பன் பாலத்தின் இரும்புத் துண்டங்கள் கடலில் விழுந்தன. மூன்று மாதத்தில் சரி செய்யச் சொன்ன பாலத்தை ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் நிமிர்த்திக் காட்டினார். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் தில்லி மெட்ரோவையும் முடித்தவர் அவர்தான். ஆனால் தனுஷ்கோடிக்குப் போகும் தண்டவாளத்தை யாரும் திரும்பப் போடவில்லை.

கப்பல் ராமேசுவரத்துக்கு மாறியது. ராமேசுவரம்–தலைமன்னார் வழியில் ஓடிய ‘ராமானுஜம்’ கப்பலில்தான் ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட மலையக மக்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிறந்தது இலங்கையில். ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசுத் தாளில் எழுதப்பட்டவர்கள், முன்பு பார்த்தே இராத ஒரு நாட்டுக்கு வந்தார்கள். இறங்கியதும் கொண்டுபோய் வைக்கப்பட்ட இடம் மண்டபம் முகாம். அவர்களுடைய பாட்டனும் பாட்டியும் தகரத் துண்டோடு காத்திருந்த அதே மண்டபம்.

இந்தக் காலம் முழுவதும் பலாலிக்கும் சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் ஓடிக்கொண்டிருந்தது. டகோட்டா போய் ஆவ்ரோ வந்தது. திருச்சி பலாலிக்கு வெறும் 185 கிலோமீட்டர். விமானம் மேலே ஏறி நிமிர்வதற்குள் இறங்கத் தொடங்க வேண்டிய தூரம். சிதம்பரத்துக்கும் திருச்செந்தூருக்கும் நேர்த்திக்கடன், சென்னையில் மருத்துவம், திருச்சியில் கல்லூரி, காஞ்சிபுரத்தில் கல்யாணப் பட்டு என்று யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பங்களுக்கு அது பக்கத்து ஊர்ப் பயணம்.

1978இல் அது நின்றது. அந்த ஆண்டு செப்டம்பர் 7 அன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரத்மலானையில் நின்றிருந்த ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் குண்டு வெடித்து எரிந்தது. பயணிகள் அதற்குள் இறங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஏர் சிலோனே இல்லாமல் போனது. ஏர் லங்கா வந்தது. பலாலியிலிருந்து இந்தியாவுக்கு விமானம் திரும்ப வரவில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு, எண்பதுகளின் நடுவில், ராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பலும் நின்றது.

அந்த வானம் வெறுமையாக இருந்தது என்று சொல்ல முடியாது. 1987 ஜூன் 4 அன்று பெங்களூரிலிருந்து கிளம்பிய ஐந்து ஏ.என்.32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலாக வர, யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டுவிட்டுத் திரும்பின. ஜூலை இறுதியில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் இந்திய அமைதிப்படை பலாலியில் வந்து இறங்கியது. 1990 மார்ச்சில் அது வெளியேறும் வரை சென்னைக்கும் பலாலிக்கும் இடையே படை விமானங்கள் போய் வந்தன. ஓடுபாதை இருந்தது, விமானம் இருந்தது, வழி தெரிந்த விமானிகள் இருந்தார்கள். ஊர்க்காரர் வாங்கக்கூடிய சீட்டு மட்டும் இல்லை.

ஊர்க்காரர் போன வழிகள் வேறு. மன்னாரிலிருந்தும் வடமராட்சிக் கரைகளிலிருந்தும் படகில் ஏறிய அகதிகள் தனுஷ்கோடியிலோ அரிச்சல்முனையிலோ இறங்கினார்கள். சில படகோட்டிகள் கடற்படைக்குப் பயந்து, இடையிலுள்ள மணல் தீடைகளிலேயே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியதும் உண்டு. குழந்தை குட்டிகளோடு அந்த மணலில் தண்ணீர் இல்லாமல் காத்திருந்து, இந்திய மீனவர்களாலோ கடலோரக் காவல் படையாலோ மீட்கப்பட்டவர்கள் இன்றும் முகாம்களில் இருக்கிறார்கள். பதிவுக்காக அவர்கள் முதலில் கொண்டுபோகப்பட்ட இடம் எது என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. மண்டபம்.

முறையாகப் போக வேண்டுமென்றால் கொழும்பு வழி. அதாவது சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பக்கமாகவே பறந்து, அதைத் தாண்டி, 640 கிலோமீட்டர் தெற்கே கட்டுநாயக்காவில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஏ9 நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். 355 கிலோமீட்டருக்கு ஆயிரம் கிலோமீட்டர் பயணம். அதுவும் ஏ9 திறந்திருந்தால். 1990இலிருந்து 2002 வரை அது மூடிக் கிடந்தது. போர் நிறுத்தத்தில் திறந்தது, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. சாலை மூடிய காலங்களில் திருகோணமலையிலிருந்து கப்பல், அல்லது இரத்மலானையிலிருந்து பலாலிக்கு உள்நாட்டு விமானம். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் வேறு வழியில்லாதவர்கள் கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்த ஆண்டுகளில் கடிகாரமும் தன் பங்குக்கு விளையாடியது. மீனம்பாக்கத்துக்கும் பலாலிக்கும் சூரியக் கணக்கில் நேர வித்தியாசம் அரை நிமிடம்கூட இல்லை, 24 விநாடி. 1906இலிருந்து இரண்டு நாடுகளும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னே என்ற ஒரே நேரத்தைத்தான் பின்பற்றின. உலகப் போர்க் காலத்தில் கொஞ்ச நாள் முன்பின்னாகிப் பிறகு சேர்ந்துகொண்டன. 1996இல் இலங்கையில் கடும் மின்வெட்டு. பகல் வெளிச்சத்தை மிச்சப்படுத்த மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பித் தந்தார்கள். அந்த அரை மணி 2006 ஏப்ரல் வரை நீடித்தது.

விமான அட்டவணையில் இதன் விளைவு வேடிக்கையானது. ஒன்றரை மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் காலை 10 மணிக்குக் கிளம்பிய விமானம் கொழும்பில் 12 மணிக்கு இறங்கும். அங்கே 1 மணிக்குக் கிளம்பிச் சென்னையில் 2 மணிக்கு இறங்கும். போக இரண்டு மணி, வர ஒரு மணி. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய நேரமே ஓடியது. ஆக, சோதனைச் சாவடியைத் தாண்டினால் அரை மணி பின்னே போய், இந்திய நேரத்துக்குள் நுழைந்துவிடலாம். 2006இல் இலங்கை பழைய நேரத்துக்குத் திரும்ப முடிவெடுத்தபோது, அங்கே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் அதை எதிர்த்துக் கருத்துச் சொன்னார். அரசு கேட்கவில்லை.

போர் முடிந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபர் 17 அன்று, பலாலி ‘யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்’ ஆனது. வாசல் பலகையில் தமிழ் முதலில் இருந்ததே தெற்கில் சிலருக்குப் பேசுபொருளாயிற்று. நவம்பர் 11 அன்று அலையன்ஸ் ஏரின் ஏடிஆர் விமானம் சென்னையிலிருந்து பயணிகளோடு வந்து இறங்கியது. நாற்பத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு. வாரத்துக்கு மூன்று முறை என்று தொடங்கிய சேவை நான்கு மாதம்தான் ஓடியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்தியது. பிறகு இலங்கையின் பொருளாதார நெருக்கடி. 2022 டிசம்பர் 12 அன்றுதான் மறுபடி பறந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து வருகிறது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் தொடங்கியது.

கடல்வழியும் அரைகுறையாகத் திறந்திருக்கிறது. 2011இல் தூத்துக்குடி–கொழும்புக்கு ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற பெரிய கப்பல் வந்தது, ஆள் சேராமல் சில மாதங்களில் நின்றது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் படகு 2023 அக்டோபரில் ‘செரியபாணி’யோடு தொடங்கி, சில நாளிலேயே மழைக்காலம் வந்து நிற்க, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’யோடு மறுபடி ஓடியது. நான்கு மணி நேரம் போல ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் இல்லை. ஆகக் குறுகிய வழியான ராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பல் மட்டும் அறிவிப்பாகவே இருக்கிறது. இத்தனைக்கும் இந்தப் பக்கம் 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் வந்துவிட்டது, அந்தப் பக்கம் தலைமன்னார் இறங்குதுறை வரை 2015 மார்ச்சிலேயே ரயில் திரும்பிவிட்டது. இரண்டு ரயிலும் இரண்டு கரையில் வந்து நிற்கின்றன. இடையில் கப்பல் இல்லை.

பலாலிக்கு ஏடிஆர் மட்டும் வருவதற்குக் காரணம் ஓடுபாதை. எழுபது, எண்பது பேர் ஏறும் விசிறி விமானத்துக்கு அது போதும். ஏர்பஸ் 320 போன்ற ஜெட் இறங்க நீளம் போதாது. ஆகையால் சீட்டு குறைவு, கட்டணம் கூட, மூட்டை முடிச்சுக்கு வரம்பு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சென்னை வந்து அங்கிருந்து ஊருக்குப் போகும் குடும்பங்கள், ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று கேட்கின்றன. கேட்பது நியாயம். இந்தியாவும் இந்த நிலையத்தின் மேம்பாட்டில் அக்கறை காட்டிவருகிறது.

ஆனால் நீட்ட வேண்டிய நிலம் யாருடையது என்ற கேள்வி அங்கே 1990இலிருந்து இருக்கிறது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, வசாவிளான் உள்ளிட்ட வலிகாமம் வடக்குக் கிராமங்களின் மக்கள் ஓடினார்கள். ஓடுபாதையைச் சுற்றிய செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2009க்குப் பிறகு துண்டு துண்டாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன, இன்னும் விடுபடாதவை இருக்கின்றன. காங்கேசன்துறைப் பக்கம் தன் கிணற்றையும் தோட்டத்தையும் முள்கம்பிக்கு இப்பாலிருந்து பார்த்தபடி உறவினர் வீட்டில் மூத்துப்போன விவசாயிக்குச் சென்னை விமானம் தலைக்கு மேல் போகிறது. அவர் காணிக்குப் போக எத்தனை மணி நேரம் என்பதற்கு எந்த அட்டவணையிலும் பதில் இல்லை. வசாவிளான்–பலாலி வீதியே 2025 ஏப்ரலில்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. அதுவும் பகலில் மட்டும், வாகனத்தில் மட்டும், இடையில் நிற்கக்கூடாது, நடக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு.

பெரிய விமானம் வர வேண்டும், இரவிலும் இறங்க வேண்டும், ராமேசுவரத்திலிருந்து கப்பலும் ஓட வேண்டும். அதற்காக ஓடுபாதையில் ஒரு மீட்டர் கூட்டுவதானாலும், அந்த நிலத்தின் உறுதியைக் கையில் வைத்திருப்பவரைக் கூப்பிட்டுப் பேசி, மாற்றுக் காணியோ உரிய விலையோ கொடுத்து முடித்துவிட்டு அளவுநாடாவை விரிப்பதுதான் முறை.